மெதுவா ஓடுற பள்ளிக்கூடம்

...இல்ல, பாடத்திட்டம் மோசம்னு எழுதியிருந்தா நான் ஒத்துக்குவேன் சார். தாராளமா ஒத்துக்குவேன்! பாடத்திட்டத்தை நானா எழுதினேன்? டில்லியில எவனோ எழுதினான், மெட்ராசுல எவனோ தமிழ்ல மாத்தினான், இங்க எவனோ சைக்ளோஸ்டைல் போடும்போது நாலாம் பக்கத்தை விட்டுட்டான். மூணாம் பக்கத்துல புள்ள ரெண்டு கையையும் தூக்கிக்கினு நிக்குது. அஞ்சாம் பக்கத்துல குப்புறப் படுத்திருக்குது. நடுவுல அதுக்கு என்னா ஆச்சின்னு எனக்கும் தெரியாது, அதுக்கும் தெரியாது. அந்த மதிப்பீட்டு ஆபீசரு அதையெல்லாம் விட்டுட்டான் சார். விட்டுட்டு என்னா எழுதியிருக்கான்? எனக்கு மனப்பாடம், கேளுங்க. "இப்பள்ளியில் ஓராண்டு உடற்பயிற்சி பெற்றபின் மாணவர்களின் வேகம் குறைந்துள்ளது." குறைந்துள்ளதாம்! ட்ரில் மாஸ்டர்கிட்ட ஒரு வருஷம் ஓடிப் பழகினதால ஓட்டம் குறைஞ்சிடுச்சாம். இப்படி ஒரு அநியாயத்தை எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

உக்காருங்க வடிவேல் சார், ஏன் நின்னுக்கினே இருக்கீங்க? அந்த ஸ்டூலு வேணாம், அதுக்கு மூணு காலுதான். இந்தக் குதிரை மேல உக்காருங்க. தோல் குதிரை சார், புள்ளைங்க தாண்டிக் குதிக்கிறது. பிரெஞ்சுக்காரன் காலத்துல கப்பல்ல வந்து எறங்குச்சி. இப்போ உள்ள எலி குடித்தனம் பண்ணுது. சாது எலி, கடிக்காது. நீங்க காலையில கடலூர்லேர்ந்து வந்து எறங்கினீங்க, நான் சாயந்திர ரயிலுக்கு ஏறிப் போவணும். அதுக்குள்ள இந்த ரூம்புல இருக்கிற சாமானையெல்லாம் உங்ககிட்ட ஒப்படைச்சி, லிஸ்ட்டுல உங்க கையெழுத்து வாங்கி, எட்மாஸ்டர் இராமதாஸ்கிட்ட நீட்டணும். நீட்டினாத்தான் விடுவாரு. பதினோரு வருஷம் இந்தப் பள்ளிக்கூடத்துல விசில் ஊதின தணிகாசலத்துக்கு இதான் சார் மரியாதை!

எங்க மாத்திட்டாங்கன்னா கேக்கறீங்க? கேட்டீங்களே, அதுவே போதும், நல்லா இருங்க. இந்தப் பள்ளிக்கூடத்துல ஒருத்தரும் கேக்கல. ஏனாம் சார்! ஏனாம்! நம்ம சர்க்காருக்கு நாலு ஊரு. காரைக்கால்னு போட்டிருந்தா சரின்னு போயிருப்பேன், திருநள்ளாறு பக்கத்துலயே இருக்கு, சனியனுக்கு நேர்லயே பதில் சொல்லியிருப்பேன். மாஹேன்னா தேங்காயாவது மலிவு. எனக்குன்னு பார்த்து ஏனாம். விழுப்புரம் போயி, மெட்ராசு போயி, காக்கிநாடா போயி, அங்கேர்ந்து பஸ்சுல போவணுமாம். கோதாவரிக் கரையில தெலுங்குப் புள்ளைங்களுக்கு நான் போயி கையைத் தூக்கு காலைத் தூக்குன்னு சொல்லணும். அதுங்களுக்கு நான் சொல்றது புரிஞ்சாத்தான தூக்கும்? எங்க வூட்டுல தில்லையம்மா நேத்துலேர்ந்து பேச்சை நிறுத்திட்டா. நிறுத்தறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "நீ போ. நான் வரல. எனக்குத் தெலுங்குல சண்டை போடத் தெரியாது." முடிஞ்சிச்சி. பதினாறு வருஷ தாம்பத்தியம் சார்.

சார் சார் சார்! அந்தத் தகர டப்பாவைத் தொடாதீங்க! அது லிஸ்ட்டுல இல்ல, என் சொந்தம். மல்லாட்டை உருண்டை. வேர்க்கடலை உருண்டைதான், வாசல்ல ஆயம்மான்னு ஒரு பொம்பள விக்கிறா, வெல்லப்பாகு அந்தப் பதத்துல இந்த ஊருல வேற யாருக்கும் வராது. போறப்போ புள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு கொடுத்துட்டுப் போலாம்னு வாங்கி வெச்சிருக்கேன். அதுங்ககிட்ட இன்னும் சொல்லல, போறேன்னு. மணி அடிச்சதும் உருண்டையைக் கொடுத்துட்டு அப்பால சொல்லிக்கலாம். வாய் நெறைய உருண்டை இருந்தா யாரும் அழ மாட்டாங்க பாருங்க, அதுக்குத்தான்.

சரி, லிஸ்ட்டு. விசில் ஒண்ணு. இது பிரெஞ்சு விசில், உள்ள பட்டாணி கிடையாது, விழுந்துடுச்சி. ஊதினா காத்துதான் வரும். அதனால நான் வாயாலயே அடிச்சிடுவேன். வாயாலன்னதும் ஞாபகம் வருது. இந்தப் புள்ளைங்களுக்கு நான் எத்தனை பாஷையில சும்மா நிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கேன் தெரியுமா? பிரெஞ்சுக்காரன் இருந்தப்போ "கார்த-வூ"ன்னா வெறைப்பா நிக்கணும், "ரெப்போ"ன்னா தளர்வா நிக்கணும். அன், தே, அன், தேன்னு நடை. அப்பால நம்ம கொடி ஏறுச்சி, இனிமே "அட்டென்சன்", "ஸ்டாண்டட்டீஸ்"ன்னாங்க. சரி. ரெண்டு வருஷம் கழிச்சி இன்னொரு தாளு வந்துச்சி, "சாவ்தான்", "விஸ்ராம்". இப்போ நான் விஸ்ராம்னா பாதி புள்ளைங்க வெறைக்குது, பாதி தளருது, உத்திராபதின்னு ஒருத்தன் இருக்கான், அவன் எந்த பாஷையில சொன்னாலும் உக்காந்துடுவான். ஆனா பிரெஞ்சு எண்ணிக்கையை மட்டும் நான் மாத்தல. அன், தே, த்ருவா, காத்ர... அது நாக்குலயே ஊறிப்போச்சி. வாட்ச் இல்லன்னாலும் என் நாக்கு ஒரு செகண்டு தப்பாது. வேணும்னா வெச்சிப் பாருங்க.

லெஜியம் இருபத்துநாலு. ஐயோ இந்த லெஜியம்! பெட்டியில வந்து எறங்கினப்போ என்னான்னே யாருக்கும் தெரியல. வில்லு மாதிரி கட்டை, நாணுக்குப் பதிலா சங்கிலி, சங்கிலி பூரா ஜால்ரா. மராட்டியத்துல இதை ஆட்டிக்கினே உடற்பயிற்சி பண்ணுவாங்களாம். சரி, பாடத்திட்டத்துல இருக்கேன்னு இருபத்துநாலு பேரு கையில கொடுத்து ஆட்டுங்கடான்னேன். ஆட்டினாங்க பாருங்க! அந்தச் சத்தத்துக்குக் குருசுக்குப்பத்துலேர்ந்து பொம்பளைங்க பத்துப் பன்னெண்டு பேரு தட்டுல கற்பூரத்தோட ஓடியாந்துட்டாங்க, பள்ளிக்கூடத்துல யாருக்கோ அம்மன் வந்துடுச்சின்னு. நான் நடுவுல நின்னு கையைக் காலை ஆட்டிக்கினு இருந்தேனா, என் காலுலயே விழுந்துட்டாங்க. ஒரு அம்மா தன் பொண்ணுக்கு எப்போ கல்யாணம் ஆகும்னு குறி கேட்டா. தையிலன்னு சொல்லி அனுப்பினேன். ஆயிடுச்சி சார், தையில!

பந்துன்னு லிஸ்ட்டுல எழுதியிருக்கும், அதைத் தேடாதீங்க. பந்து கடல்ல இருக்கு. ரெண்டு தடவை கட்டுமரக்காரங்க எடுத்தாந்து கொடுத்தாங்க, மூணாவது தடவை அவங்களே வெச்சிக்கினாங்க. இப்போ யாரோட வலையிலயோ மிதப்பா கட்டியிருக்கு. அதையும் அந்த ஆபீசரு கேட்டான் சார்! அவன் கொண்டாந்த பாரத்துல மொத்தம் நாப்பத்தாறு கேள்வி. ஒரு பந்துக்கு எத்தனை மாணவர்? நூத்தி முப்பத்தெட்டுன்னேன். பந்து எங்கேன்னான். கடல் பக்கம் கையைக் காட்டினேன். அதை அவன் எப்படி எழுதிக்கினான்னு எனக்குத் தெரியல. அப்பால, பயிற்சியின்போது மாணவர் முகத்தில் மகிழ்ச்சி காணப்படுகிறதா, ஆம், இல்லை, ஓரளவு. காட்டுங்கன்னான். மகிழ்ச்சியை எப்படி சார் எடுத்துக் காட்டுறது? முன்வரிசையில இருந்த இருசப்பனைக் கூப்ட்டு, மகிழ்ச்சியா இருக்கியாடான்னு அதட்டிக் கேட்டேன். ஓன்னு அழுதுட்டான். ஓரளவுன்னு போட்டுக்கினான்.

வாட்ச் எங்கேன்னா கேக்கறீங்க? இதோ, டப்பா பக்கத்துலயே இருக்கு பாருங்க. நிறுத்துற வாட்ச். சாவி கொடுத்தா ஓடும், மேல அமுக்கினா நிக்கும். இந்த ரூம்புல ஒழுங்கா வேலை செய்யறது இது ஒண்ணுதான், என்னைக் கவுத்ததும் இதுதான். சன்னல் வழியா பாருங்க. அதோ அந்தக் கோடியில வேப்பமரம் இருக்கா? அங்கேர்ந்து இந்தச் சன்னலடி வரைக்கும் கணக்கா நூறு மீட்டரு. பிரெஞ்சுக்காரன் சங்கிலி போட்டு அளந்தது. அப்பால நம்ம சர்க்காரு வந்து நூறு கெஜம்னாங்க, கிட்டத்துல இன்னொரு கல்லு நட்டேன். இப்போ என்னாடான்னா இந்தியா பூரா மீட்டரு, கிலோன்னு வரப்போவுதாம். நாங்க மீட்டர்லதான் இருந்தோம்! எங்களை இழுத்தாந்து கெஜத்துல விட்டுட்டு, இப்போ அவங்க மீட்டருக்கு வராங்களாம். அந்தக் கல்லுல ஒரு தடவை என் கால் பெருவிரல் நகமே பேந்துடுச்சி. யாரு கேக்கறது?

என்னா சார் கேட்டீங்க? ஆங், அளவு. அதாவது, நாப்பத்தாறு கேள்வி இருந்தாலும் மார்க்கு முக்காவாசி முப்பத்தோராவது கேள்விக்குத்தான். வருஷ ஆரம்பத்துல புள்ளைங்க ஓடற வேகத்தை நாம எழுதி அனுப்பணும். அது முதல் அளவு. மார்ச்சு மாசம் ஆபீசரே வந்து ஓடவிட்டு இன்னொரு அளவு எடுப்பாரு. ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவுக்கு நம்ம பாடத்திட்டம் தரமா இருக்குன்னு அர்த்தம். புள்ள நல்லா ஓடுதா இல்லையாங்கறது பேச்சே இல்ல. முன்னைக்கு இப்போ எவ்வளவு தேவலாம்? அவ்வளவுதான்.

இதுல என்னா கொடுமைன்னு கேளுங்க. ஊருக்குள்ள இன்னொரு பள்ளிக்கூடம், பேரு வேணாம். அங்க எல்லாம் நெய்ச் சோத்துப் புள்ளைங்க. முதல் அளவு முப்பது செகண்டு. ஓட்டத்துக்கு நடுவுல தண்ணி கேட்டிருக்கானுங்க. மார்ச்சுல இருவத்தஞ்சி. ஆஹா, ஓஹோன்னு அந்த மாஸ்டருக்கு சர்ட்டிபிகேட்டு! நம்ம பள்ளிக்கூடத்துல யாரு? குருசுக்குப்பத்துப் புள்ளைங்க. விடியறதுக்குள்ள அப்பனோட கரையில வலை இழுத்துட்டு, மீன் கூடையைத் தலையில வெச்சிக்கினு மார்க்கெட்டு வரைக்கும் ஓடிட்டு, அதுக்கு மேல ஸ்லேட்டைத் தூக்கிக்கினு இங்க வருதுங்க. மீன்குஞ்சுக்கு நீச்சல் கத்துக் கொடுக்கணுமா? சும்மா வெள்ளோட்டம் பார்ப்போம்னு ஒரு நாளு வாட்ச் இல்லாம என் நாக்காலயே எண்ணிப் பார்த்தேன். பதினெட்டு, பத்தொம்பது! அப்போ நாலாங்கிளாசு புள்ளைங்க சார், கால்ல செருப்பு கிடையாது, மணலு! ஆளு ஆளா பறக்குதுங்க. எனக்கு அன்னிக்கி சந்தோஷத்துல சோறு எறங்கல. அப்பால ராத்திரி படுத்தா பயத்துல தூக்கம் வரல. இப்போவே பதினெட்டுன்னா மார்ச்சுல இதுங்க எத்தனையில ஓடணும்? பன்னெண்டுலயா? அதுக்கு நான் ஒலிம்பிக்குக்குத்தான் கூட்டிக்கினு போவணும்.

அப்போ மார்ச்சுல என்னா நடந்திச்சின்னா கேக்கறீங்க? சொல்றேன். ஆபீசரு ஜீப்புல வந்து எறங்கினான். மைதானத்துல மேசை போட்டோம். அவன் மேசை மேல வாட்ச்சை வெச்சான், தாளை வெச்சான், பளபளன்னு தன்னோட டிபன் டப்பாவையும் வெச்சான். புள்ளைங்க இருவது பேரு வேப்பமரத்தடியில வரிசையா நின்னாங்க. கோ! அப்படின்னான். சார்... எந்த ஜென்மத்துலயும் நான் அப்படி ஒரு ஓட்டத்தைப் பார்க்கல. ஓடற மாதிரியே கையை வீசுறாங்க, மூச்சு வாங்குறாங்க, முகத்தைச் சுளிக்கிறாங்க, ஆளு மட்டும் நகர மாட்டேங்கறாங்க! உத்திராபதி நடுவுல உக்காந்து கால்ல முள்ளு எடுக்கறான், முள்ளே இல்ல. இருசப்பன் ரெண்டடி முன்னால வெச்சி ஒரு அடி பின்னால வைக்கிறான். அஞ்சலாட்சின்னு ஒரு பொண்ணு, இந்தப் பள்ளிக்கூடத்துலயே முதல் ஓட்டக்காரி அவதான், அவ திரும்பி நின்னுக்கினு பின்பக்கமா நடந்து வரா. எல்லைக்கோட்டுக்கிட்ட வந்தானுங்களா, யாரும் தாண்ட மாட்டேங்கறானுங்க. "நீ போடா", "சே, நீ பெரியவன், நீ முதல்ல போ", "பொம்பளப் புள்ள முன்னால போவட்டும்டா". இந்த மரியாதையை நான் எந்தக் கல்யாணப் பந்தியிலயும் பார்த்ததில்ல. வேகமா ஓடுங்கடா, வேகமா ஓடுங்கடான்னு நான் தொண்டை கிழியக் கத்தறேன். கத்தக் கத்த இன்னும் மெதுவாயிட்டாங்க! நாலு நிமிஷம் சார். நூறு கெஜத்துக்கு நாலு நிமிஷம். ஆபீசரு வாட்ச்சைக் காதுல வெச்சி வெச்சிப் பார்க்கறான், ஓடுதா நின்னுடுச்சான்னு.

இதுகூடப் பரவால்ல. மூணு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு அவன் ஜீப்புல ஏறப் போற நேரம், கரையிலேர்ந்து ஒரு குரல் வந்துச்சி. "பாடு வந்துடுச்சி!" உங்களுக்குச் சொல்லணுமா, கடலூர்க்காரரு, வலையில மீன் பட்டிருக்குன்னு அர்த்தம். சொல்லி வாயை மூடல சார். நூத்தி முப்பத்தெட்டுப் புள்ளையும் ஜீப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா அடிச்சிக்கினு பறந்துச்சி. ஆபீசரு மூணு சுத்து சுத்தினான். தொப்பி எங்க போச்சின்னு தெரியல, ரெண்டு நாள் கழிச்சி இருசப்பன் அம்மா தலையில மீன் கூடைக்குச் சும்மாடா இருந்துச்சி. புழுதி அடங்கினதும் அவன் என்னைப் பார்த்து, "இவங்க அதே மாணவர்களா?"ன்னான். அதேதான் சார்னேன். பேனாவை எடுத்தான். "பள்ளி விட்டதும் மாணவர்கள் இழந்த வேகத்தைத் திரும்பப் பெறுகின்றனர்." அதான் அறிக்கையில கடைசி வரி. அந்த வரிதான் என்னை ஏனாத்துக்கு ஏத்துச்சி.

ஏன் மெதுவா ஓடினாங்களா?

காத்து. எதிர்க்காத்து சார் அன்னிக்கி. வெயிலு வேற. மணலு சுட்டிருக்கும்... காலையில பழைய சோறு கூடுதலா தின்னுட்டு வந்திருப்பாங்க... மீட்டரா கெஜமான்னு குழப்பம் வேற...

நீங்க ஏன் சார் அப்படிப் பார்க்கறீங்க? கண்ணைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க. தில்லையம்மாவும் இப்படித்தான் பேசாம பார்ப்பா, பார்த்தே எல்லாத்தையும் வாங்கிடுவா.

சரி. போவுற எடத்துக்கு மூட்டை கொறைஞ்சா நல்லதுதான். யாருகிட்டயும் சொல்லாதீங்க. அந்த முதல் அளவு இருக்கே, போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்த வாரம், அதை நான்... கொஞ்சம் பக்குவமா எடுத்தேன். புள்ளைங்களைத் தனியா கூப்ட்டு சொன்னேன். இன்னிக்கி ஒரு வெளையாட்டு. வாட்ச்சும் தாளும் டப்பாவும் மேசை மேல வெச்சா மெதுவா ஓடற வெளையாட்டு. எல்லாருக்கும் ஒரு மல்லாட்டை உருண்டை. கடைசியா வர ஆளுக்கு ரெண்டு. அவ்வளவுதான் சார் நான் சொன்னது! ஆனா அன்னிக்கின்னு பார்த்து எட்மாஸ்டரு வேடிக்கை பார்க்க வந்து பக்கத்துல நின்னுட்டாரு. என்னாய்யா பசங்க ஊருதுங்கன்னாரு. அவருக்காக நான் கத்தணுமா இல்லையா? வேகமா ஓடுங்கடா, வேகமா ஓடுங்கடான்னு கத்தினேன், கத்திக்கினே அவருக்குத் தெரியாம புள்ளைங்களுக்குக் கண்ணைச் சிமிட்டினேன். அம்பத்திரெண்டு செகண்டு வந்துச்சி. எழுதிக்கினேன். மார்ச்சுல பதினெட்டு வந்தா வித்தியாசம் முப்பத்திநாலு! ராஜ்ஜியத்துலயே முதல் மாஸ்டரு தணிகாசலம்தான்!

நடுவுல வருஷம் பூரா தங்கமா ஓடினாங்க. வாட்ச்சை நான் வெளியிலயே எடுக்கல, அதான். மார்ச்சுல அவன் வாட்ச்சை வெச்சான், தாளை வெச்சான், டிபன் டப்பாவை வெச்சான், பக்கத்துல எட்மாஸ்டரு நின்னாரு, நான் வேகமா வேகமான்னு கத்தினேன். புள்ளைங்க எனக்குக் கண்ணைச் சிமிட்டிச்சிங்க சார். இருவது பேரும். எங்க மாஸ்டரைக் காட்டிக் கொடுக்க மாட்டோம்னு, அவ்வளவு ஒழுங்கா... நான் பதினோரு வருஷமா சொல்லிக் கொடுத்ததுல அதுங்க அட்சரம் பிசகாம செஞ்சது அது ஒண்ணுதான். அதுங்களை எப்படித் திட்டுறது? முடிஞ்சதும் அஞ்சலாட்சி கையை நீட்டிக்கினு ஆபீசர் முன்னாடி போயி நிக்கறா, ரெண்டு உருண்டை கொடுங்கன்னு. அவன் டப்பாவுல தயிர் சோறு இருந்துச்சி.

அவன் மேல தப்பில்ல. டில்லிக்காரன் மேலயும் தப்பில்ல. தப்பு தணிகாசலம் மேலதான். இதை நான் தில்லையம்மாகிட்டகூடச் சொல்லல. சொன்னா நிறுத்தின பேச்சை ஆரம்பிச்சிடுவா.

என்னா கேட்டீங்க? முதல் அளவு எப்போ அனுப்பணுமா? பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்துக்குள்ள. ஆமா, இந்த வாரம்தான். பாரமா? அதோ ஆணியில மாட்டியிருக்கு. வித்தியாசம் பத்து செகண்டைத் தாண்டினா "மிகச் சிறப்பு", வேலையை உறுதி பண்ணிடுவாங்க, மாத்தவும் மாட்டாங்க. உங்களுக்கு எதுக்கு சார் அந்தக் கவலை, நீங்க பொறுமைசாலி, நேர்மையான ஆளு, முகத்தைப் பார்த்தாலே தெரியுது. எழுந்துட்டீங்களா? வாட்ச் ஓடுதான்னு பார்த்துட்டு வரீங்களா? பாருங்க, பாருங்க, சாவி நல்லா கொடுங்க. அஞ்சாங்கிளாசுதான் வெளியில நிக்குது. நான் அதுக்குள்ள லிஸ்ட்டை முடிச்சிடறேன்.

கயிறு ஒண்ணு, இழுக்கறது. கரளாக்கட்டை ஆறு, அதுல ஒண்ணு எட்மாஸ்டர் வூட்டுல துணி துவைக்கிது... கொடி ரெண்டு... சார், கொடி ரெண்டுன்னு போட்டிருக்கு, ஒண்ணு பிரெஞ்சுக் கொடி, அதை இங்க வைக்கலாமா கூடாதான்னு ஆபீசுக்கு எழுதிக் கேட்டு மூணு வருஷமாச்சி...

என்னா சார் அங்க வேப்பமரத்தடியிலயே நின்னுட்டீங்க? வாட்ச் பிடிக்கிறவரு முடியற எடத்துல நிக்கணும்! முடியற எடத்துல! ...காது கேக்கல போல இருக்கு. புள்ளைங்க வேற வரிசையா நின்னுடுச்சிங்க. சொல்லாமலே எப்படி நிக்குது பார்த்தீங்களா? அட, தாளையும் கையில வெச்சிருக்காரே. ஐயையோ, சார்! வாட்ச்சையும் தாளையும் ஒண்ணா காட்டாதீங்க சார்! காட்டினா அதுங்க... போச்சி. ஆரம்பிச்சிடுச்சிங்க. உத்திராபதி உக்காந்துட்டான். சார், அதுங்க உண்மையில அப்படி இல்ல சார்! அதை எழுதிடாதீங்க!

...வேகமா ஓடுங்கன்னா கத்தறாரு? ஆமா. வேகமா வேகமான்னு கத்தறாரு. கத்திக்கினே... கண்ணைச் சிமிட்டுறாரா? இங்கேர்ந்து சரியாத் தெரியல... சிமிட்டுறாரு! அடப் பாவி மனுஷா! முதல் வாரம், முதல் அளவு! நாலு நிமிஷம்னு எழுதிக்கினு போயி, மார்ச்சுல பதினெட்டு செகண்டுன்னா... நான் இங்க உயிரைக் கொடுத்து ஒப்பாரி வெச்சா, அந்த ஆளு பாடம் கேட்டுக்கினு உக்காந்திருக்கான்யா! ஒரு வார்த்தை பேசல. எவ்வளவு நல்லவருன்னு நெனைச்சேன். ஏ வடிவேலு! மார்ச்சுல மாட்டிக்குவே! உனக்கு உருண்டை கொடுக்கக்கூடத் துப்பு...

டப்பா எங்க?

வாட்ச் பக்கத்துலதான வெச்சேன். குதிரை மேல இருக்கா? கீழ? ...என் டப்பாவையும் எடுத்துக்கினு போயிட்டான்யா! அதோ, மரத்தடியில, கல்லு மேல! என் உருண்டை, என் புள்ளைங்க, என் கண் சிமிட்டல்! போறப்போ நான் கொடுக்கணும்னு இருந்தேனே. இனிமே நான் எதைக் கொடுத்துட்டுப் போறேன்னு சொல்லுவேன்?

யாரு அது, வரிசையை விட்டு வரது? அஞ்சலாட்சியா? ஏ புள்ள, அங்கேயே நில்லு! வேப்பமரத்துலேர்ந்து நேரா இங்கதான் வரா. அன், தே, த்ருவா, காத்ர... பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கினா... யாரு சொன்னது இவகிட்ட, நான் போறேன்னு? வாசல்ல நிக்கிற என் டிரங்குப் பெட்டியைப் பார்த்துட்டாளோ... எட்டு, ஒம்பது... ஐயோ ஓட்டத்தைப் பாரு, காலு தரையில படுதா?... கெஜக் கல்லைத் தாண்டிட்டா... பதினஞ்சி... பதினாறு!

பதினாறு! நூறு மீட்டரு, மணலு, வெறுங்காலு, பதினாறு செகண்டு! சார்! வடிவேல் சார்! யாராவது எழுதிக்கங்க! எட்மாஸ்டரே! ...ஒருத்தரும் இல்ல. சன்னல் கம்பியைப் பிடிச்சிக்கினு ஏன் புள்ள அழுவுற? ஏனாம் ஒண்ணும் சீமை இல்ல, ரயிலு போவுது, திரும்பியும் வருது. மூக்கைச் சிந்து. உன் ஓட்டத்தை நான் எண்ணிட்டேன், எனக்குத் தெரியும், போதும். போ, போயி வரிசையில நில்லு. திரும்பிப் போவும்போது மட்டும் மெதுவா போ, என்னா? அந்த சாரு பார்த்துக்கினு இருக்காரு. கடைசியா வந்தாத்தான் ரெண்டு.